வாங்கிய வித்தையும் வளர்த்த வித்தையும்

தழுவல் எது, சொந்தப் படைப்பு எது என்னும் வினா இலக்கிய வட்டங்களிலே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்று. நாடகத்தைக் குறித்தும் சிறுகதையைக் குறித்தும் இதுபற்றி வாதிட்டோர் பலர். ஆயின், இதே வினா சிறுவர்க்கு மாயவித்தை காட்டும் சின்னஞ்சிறு அரங்கிலும் எழுந்துள்ளது என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும் அதனை வெறும் விளையாட்டென ஒதுக்கிவிடுவர். ஐந்து வயதுக் குழந்தைகள் இருபது பேர் தரையிலே அமர்ந்திருக்க, ஒருவர் தொப்பியிலிருந்து முயலை எடுத்துக் காட்டுவதிலே கலைக்கொள்கைக்கு இடமேது என்று கேட்கவும் கூடும்.

இடமுண்டு. வளர்ந்தோர் நிறைந்த அவையிலே கலைஞன் சோர்வுற்றாலும், அவையோர் நாகரிகத்துக்காகவேனும் கைதட்டி வைப்பர். குழந்தைகளுக்கு அந்த நாகரிகம் இன்னும் கைவரவில்லை. பிடிக்காவிடின் எழுந்து சென்றுவிடுவர். பொய்யென்று கண்டால் உரக்கக் கூவியும் விடுவர். ஆகவே, கலைஞனுக்குச் சொந்தமானது எது, கடையிலே வாங்கியது எது என்பதை உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் நல்ல உரைகல் கிடைப்பதரிது.

கடைச் சரக்கு

மாயவித்தையைத் தமிழிலே செப்பிடு வித்தை என்றும் செப்படி வித்தை என்றும் வழங்குகிறோம். செப்பினுள்ளே சிறு பொருளை இட்டு மறைத்தும் தோற்றுவித்தும் காட்டுகின்ற பழைய வித்தையை இப்பெயர் நினைவூட்டுகின்றது. உரோமாபுரித் தத்துவ ஞானியாகிய செனெக்கா ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய கடிதமொன்றிலே இத்தகைய கிண்ண வித்தையைக் குறிப்பிடுகின்றார். அதனை முதன்முதல் கண்டவர் யாரென்று எவரும் அறியார். எனவே அதற்கு உரிமை கொண்டாடுவாரும் இலர். குருவிடமிருந்து சீடனுக்கும், தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் கைமாறி வந்த பொதுச் சொத்து அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நிலை மாறிற்று. அம்மாற்றத்தை நன்கு காட்டக்கூடிய நாடு இங்கிலாந்து. இலண்டனிலே வழக்கறிஞராயிருந்த ஏஞ்சலோ லூயிஸ் என்பார், பேராசிரியர் ஹொஃப்மன் என்னும் புனைபெயர் பூண்டு, 1876 ஆம் ஆண்டிலே ‘நவீன மாயவித்தை’ என்னும் பெருநூலை ஆங்கிலத்திலே வெளியிட்டார். குருவின் வீட்டு வாசலிலே காத்திராமல், நூலைப் புரட்டியே வித்தை கற்கும் வழி பலருக்குத் திறந்தது. 1898 ஆம் ஆண்டிலே லூயிஸ் டவன்போட் என்பார் தொடங்கிய மாயவித்தைக் கடை, அவர் குடும்பத்தாரால் தலைமுறை தலைமுறையாக நடத்தப்பட்டது. பின்னர், 1950களிலே, டெவன் மாவட்டத்துப் பிடிஃபோட் என்னும் சிற்றூரிலிருந்து எட்வின் ஹூப்பர் நடத்திய ‘சுப்ரீம்’ நிறுவனம், சிறுவர் வித்தைகளுக்கெனவே பெயர் பெற்றது. முயலும் கோமாளியும் பண்ணை விலங்குகளும் வண்ணந் தீட்டப்பெற்ற மரப் பெட்டிகளும் பலகைகளும் அங்கிருந்து தபால் மூலம் நாடெங்கும் சென்றன. 1990களில் அந்நிறுவனம் மறைந்துவிட்ட போதிலும், அதன் சரக்குகளைத் தேடி வாங்குவோர் இன்னும் உளர்.

இவ்வாறு தபாலில் வரும் பொதியை அவிழ்த்து நோக்குவோமாயின், அதனுள்ளே மூன்று பொருள்கள் இருப்பதைக் காணலாம். முதலாவது கருவி, இரண்டாவது அதன் இரகசியம், மூன்றாவது, அதனைக் காட்டும்பொழுது பேசவேண்டிய பேச்சு. எப்போது சிரிக்க வேண்டும், எந்த இடத்திலே திகைத்தவர்போல் நிற்க வேண்டும், குழந்தை இன்னது சொன்னால் இன்ன பகிடி விடவேண்டும் என்பதெல்லாம் கடதாசியிலே அச்சிடப்பட்டிருக்கும். நமது வினா பெரும்பாலும் இந்த மூன்றாவது பொருளைப் பற்றியதே.

உதாரணமொன்று கூறுவோம். இரண்டு அறைகளும் இரண்டு கதவுகளும் உள்ள சிறு பெட்டி. அதனுள்ளே பெரியதொரு தாயக்கட்டை. வித்தைக்காரர் அது மறைந்துவிட்டது என்று கூறி ஒரு கதவைத் திறந்து காட்டுவார். ஆனால், அவர் பெட்டியைச் சரித்தபோது, கட்டை மற்ற அறைக்கு வழுக்கிச் செல்லும் ஓசையைக் குழந்தைகள் கேட்டுவிட்டார்கள்! “மற்றக் கதவைத் திறவுங்கள்!” என்று கூக்குரல் எழும். அவர் பெட்டியை மறுபுறம் சரித்துவிட்டு மற்றக் கதவைத் திறப்பார். கூக்குரல் இரட்டிக்கும். இறுதியிலே இரு கதவுகளும் ஒருங்கே திறக்கப்படும். கட்டை எங்குமே இராது. பெரியவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று குழந்தைகள் களித்திருக்கும் வேளையிலே அவர்களுடைய வெற்றியே வியப்பாக மாறிவிடும். பழமையான வித்தைதான், எனினும், குழந்தை உள்ளத்தை இத்துணை நுட்பமாக அறிந்து அமைக்கப்பட்ட வித்தைகள் மிகச் சில.

வாங்குவோர் பக்கத்து நியாயம்

இத்தகைய பெட்டியை விலைக்கு வாங்குவோரைப் பழிப்பது எளிது. ஆனால், அவர் பக்கத்திலும் நியாயமுண்டு. வீணை வாசிப்பவர் வீணையைத் தாமே செதுக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. தியாகராசர் கீர்த்தனையைப் பாடுவோரைச் சொந்தச் சரக்கில்லாதவர் என்று இகழ்வதுமில்லை. புதிய வித்தையொன்றைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் ஒரு தலைமுறையிலே வெகு சிலருக்கே வாய்க்கின்றது. எல்லாரும் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று விதித்தால், அரைகுறைக் கண்டுபிடிப்புக்களுக்குக் குழந்தைகளே பலியாவர்.

இன்னுமொன்று. பலமுறை குழந்தைகள் முன்னிலையிலே காட்டித் திருத்தப்பட்ட வித்தையிலே, தொடக்கக்காரர் இழைக்கும் பிழைகள் பல முன்னமே களையப்பட்டிருக்கும். மேலும், ஐந்து வயதுக் குழந்தைக்குப் பழைய வித்தை என்று ஒன்றில்லை. நூறாண்டுப் பழைமையுடைய பெட்டியும் அதனை முதன்முறை காணும் கண்ணுக்குப் புத்தம் புதியதே. விலை கொடுத்து வாங்குவதால், ஆக்கியவனுக்கு அவன் உழைப்பின் பயனும் சேருகின்றது. இவ்வளவையும் மறுப்பதற்கில்லை.

குழந்தையின் மறுமொழி

அப்படியாயின் குறை எங்கேயுள்ளது? ஒரே ஊரிலே நாலைந்து வித்தைக்காரர் ஒரே கடையில் ஒரே பெட்டியை வாங்கி ஒரே பேச்சைப் பேசுவாராயின், ஒரே வகுப்புக் குழந்தைகள் பிறந்தநாள் விழாவுக்கு விழா அதனையே காண நேரிடும். மூன்றாம் முறை காணும் குழந்தை முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும். அதனுடன் வியப்பும் போய்விடும். இது வெளிப்படையான குறை.

இதனினும் ஆழமான குறையொன்றுண்டு. அச்சிட்ட பேச்சு, குழந்தையின் மறுமொழியை முன்னமே தீர்மானித்துவிடுகின்றது. ஆங்கில நாட்டுச் சிறுவர் அரங்குகளிலே அடிபட்டுத் தேய்ந்துபோன பகிடியொன்று உண்டு. மேடைக்கு அழைத்த குழந்தையிடம், “உனக்கு என்ன வயது?” என்று வித்தைக்காரர் கேட்பார். “ஐந்து” என்று அது பெருமையோடு கூறும். “கலியாணம் ஆகிவிட்டதா?” என்பது அடுத்த கேள்வி. பின்னே நிற்கும் பெற்றோர் கொல்லென்று சிரிப்பர். குழந்தைக்கு எதுவும் விளங்காது. தன்னைப் பார்த்தே எல்லாரும் சிரிக்கின்றனர் என்பது மட்டும் விளங்கும். வியப்பைப் பெறுவதற்காக எழுந்து வந்த பிள்ளை நாணிக் குறுகி நிற்கும். அப்பகிடியை யாரோ, எங்கோ, எந்தக் குழந்தையையும் நோக்காது எழுதி வைத்தார். வேறு யாரோ எந்தக் குழந்தையையும் நோக்காது அதனை ஒப்புவிக்கின்றார். இரவல் நாக்குக்குக் காது இராது என்பதே இங்குள்ள குறை.

அக்குழந்தை “ஐந்து” என்னாமல், “நாளைக்கு ஆறு” என்று கூறினால் என்ன செய்வது? அச்சிட்ட தாளிலே அதற்கு விடை இல்லை. ஆனால், கேட்கும் காதுடையவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. நாளைக்கு ஆறு வயதாகும் குழந்தைக்கு இன்று என்ன மாயம் செய்யலாம் என்று அங்கேயே ஒரு புதுவித்தை பிறந்துவிடும்.

முதலும் வழியும்

இவ்விடத்திலே மாயவித்தையின் கலைத்தன்மையை ஆராய்ந்த நூலொன்றை நினைவு கூர்தல் பொருந்தும். நெவில் மஸ்கலின், டேவிட் டெவன்ற் என்னும் இருவரும் சேர்ந்து 1911 ஆம் ஆண்டிலே ‘நமது மாயவித்தை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டனர். அதன் முதற் பகுதியிலே மஸ்கலின், மாயவித்தையை உயர்கலை, இயல்கலை, போலிக்கலை என மூன்றாக வகுக்கின்றார். புதியதைத் தானே படைப்பது உயர்கலை. பிறர் கண்டதை எடுத்துத் தன் அறிவாலும் உணர்வாலும் தனதாக்கிக் காட்டுவது இயல்கலை. பிறர் செய்ததை அவர் செய்தவாறே செய்து நிற்பது போலிக்கலை. அவருடைய வகுப்பின் சாரம் இதுவே.

நன்னூல் கற்றோருக்கு இப்பாகுபாடு புதிதன்று. முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பவணந்தி முனிவர் வகுத்தார். வழிநூலாவது, முன்னோர் நூலின் முடிபை முற்றும் ஏற்றுக்கொண்டு, பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் அமைத்துச் செய்வது. முடிபு ஒன்றே; வேறுபாடு ஆசிரியனுடையது. தாயக்கட்டை மறைவதே முடிபு என்றால், அதனை மறைக்கின்றவர் யார், ஏன் மறைக்கின்றார், குழந்தைகள் கூவும்போது அவர் முகம் என்னாகின்றது என்பவை பின்னோன் அமைக்கும் வேறுபாடுகள். வேறுபாடு ஒன்றுமே இல்லாத வெறும் பிரதிக்கு நன்னூலார் ஒரு நூல்வகை வகுக்கவில்லை என்பதும் ஈண்டு கருதத்தக்கது. சிறுவர் வித்தைக்காரரிடம் நாம் எதிர்பார்ப்பது முதனூலையன்று, நல்ல வழிநூலையே.

ஏழரைச் சிலிங் கரடி

வாங்கிய பொருள் ஒருவர் கையிலே எவ்வாறு அவருக்கே உரியதாக மாறும் என்பதற்கு ஆங்கில நாட்டிலே மிக அழகிய உதாரணம் ஒன்றுண்டு. ஹரி கோபெற் என்பார் தொழிலால் பொறியியலாளர், பொழுதுபோக்கால் மாயவித்தைக்காரர். 1948 ஆம் ஆண்டிலே விடுமுறைக்காகப் பிளக்பூல் நகருக்குச் சென்றவர், அங்கே கடலினுள் நீண்டு கிடக்கும் வடக்கு மேடைப்பாலத்துக் கடையொன்றிலே, 7 சிலிங் 6 பென்ஸ் கொடுத்து மஞ்சள் நிறக் கரடிப் பொம்மையொன்றை வாங்கினார். கையிலே உறைபோல மாட்டி ஆட்டும் சாதாரணப் பொம்மை. அதிலே இரகசியம் எதுவுமில்லை. யாரும் வாங்கக்கூடிய கடைச் சரக்கு அது.

அப்பொம்மையைத் தம் வித்தைகளிலே சேர்த்துக்கொண்ட கோபெற், 1952 ஆம் ஆண்டிலே பீ.பீ.சி. தொலைக்காட்சியிலே தோன்றினார். கறுப்பு வெள்ளைத் திரையிலே கரடியின் உருவம் தெளிவாகத் தெரிவதற்காக அதன் காதுகளிலும் மூக்கிலும் புகைக்கரியைப் பூசினார். புகைக்கரி பூசிய கரடிக்கு ‘சூற்றி’ என்ற பெயர் அமைந்தது. ஆங்கிலத்திலே கரிபடிந்தவன் என்பது அதன் பொருள்.

புகைக்கரி பூசியதனாலே மட்டும் அது அவருடையதாகி விடவில்லை. சூற்றி அவையோர் கேட்கப் பேசுவதில்லை. கோபெற்றின் காதோடு காதாக ஏதோ சொல்லும். அதனை அவர் குழந்தைகளுக்கு எடுத்துக் கூறுவார். குழந்தைகள் கேட்பது ஒரு குரலை, உணர்வது இருவரை. சூற்றியின் கையிலே மந்திரக்கோல் இருக்கும். குறும்பு செய்வது கரடி. நனைவதும் அடி வாங்குவதும் பெரியவராகிய கோபெற். பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் பகிடியை மேலே கண்டோம். இங்கே நிலைமை தலைகீழ். வீட்டிலும் பள்ளியிலும் எப்போதும் அடங்கியிருக்க வேண்டிய குழந்தை, தன்னைப்போன்ற சிறியதொன்று பெரியவரை வென்றுவிடுவதைக் கண்டு மகிழ்கின்றது. இந்த உறவு எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. அதே கடையிலே அதே அச்சிலான பொம்மைகளை வேறு பலரும் வாங்கியிருப்பர். அவை பொம்மைகளாகவே இருந்து பழுதாகிப் போயிருக்கும்.

பின்னர் இக்கரடியே விற்பனைப் பொருளாயிற்று. கோபெற்றுக்குப் பின் அவர் மகன் மத்தியூ அதனை ஏற்று நடத்தினார். 1998 ஆம் ஆண்டிலே றிச்சட் கடெல் என்னும் மாயவித்தைக்காரர் நிகழ்ச்சியின் பொறுப்பை ஏற்று, 2008 ஆம் ஆண்டிலே அதன் உரிமையையும் வாங்கினார். உறவை வாங்க முடியாது என்று கூறியதற்கு இது மாறுபாடாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுகளை நோக்குக. பத்து ஆண்டுகள் அக்கரடியோடு பழகி, அதன் மௌனத்தைத் தம் காதிலே கேட்டுப் பயின்ற பின்னரே அவர் விலை கொடுத்தார். பழக்கம் முன்னே சென்றது. பணம் பின்னே சென்றது.

ஒரு தொப்பியும் சில முட்டைகளும்

மேலே பெயர் குறித்த டேவிட் டெவன்ற், 1905 ஆம் ஆண்டிலே இலண்டனில் நிறுவப்பட்ட ‘மாய வட்டம்’ என்னும் சங்கத்தின் முதற்றலைவர். பெரும் மேடைக் கருவிகள் பலவற்றை ஆக்கியவர். ஆயினும், அவர் புகழை நிலைநிறுத்திய வித்தைகளுள் ஒன்றிற்கு வேண்டியவை ஒரு தொப்பி, சில முட்டைகள், ஒரு சிறுமி, ஒரு சிறுவன் ஆகியவையே. வெறுந் தொப்பியிலிருந்து முட்டையை எடுத்துச் சிறுமியிடம் கொடுப்பார். அவள் சிறுவனிடம் கொடுப்பாள். முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். சிறுவன் மார்போடு அணைத்துக்கொண்டே இருப்பான். ஒன்றைக் காக்கப் போனால் மற்றொன்று நழுவும். அவன் கைகளின் தவிப்பிலே அரங்கு முழுவதும் குலுங்கும்.

இதிலே மாயம் ஒரு பங்கு. நகை ஒன்பது பங்கு. அந்த ஒன்பது பங்கும் அன்று மேடைக்கு வந்த அந்தச் சிறுவனின் கைகளிலிருந்தே பிறக்கின்றது. நாளை வருபவன் வேறொருவன். அவன் கைகள் வேறு. ஒவ்வொரு மாலையும் வித்தை புதிதாக எழுதப்படுகின்றது. சிறுவன் தவிக்கின்றான் என்பது உண்மையே. ஆனால், இயலாத வேலையொன்றைத் தன்னால் இயன்றமட்டும் செய்து பார்ப்பவனுடைய தவிப்பு அது. அவையோர் சிரிப்பிலே அவன்பால் அன்பும் கலந்திருக்கும். ‘எல்லாம் அன்பினால் ஆவதே’ என்னும் பொருள்பட டெவன்ற் தமக்கென ஒரு வாசகத்தை வைத்திருந்தமை பொருத்தமானதே.

வாங்குதலும் கவர்தலும்

வாங்குவது வேறு, கவர்வது வேறு என்பதையும் இங்கே பிரித்துக் காணல் வேண்டும். பிரான்சு நாட்டு றொபேட் ஹூடன், கடிகாரத் தொழிலிலிருந்து மாயவித்தைக்கு வந்து, 1845 ஆம் ஆண்டிலே பாரிசில் தம் அரங்கைத் திறந்தார். அவர் பட்டறையிலே பணிபுரிந்த ஒருவரே கருவிகளின் பிரதிகளை இரகசியமாகச் செய்து போட்டியாளருக்கு விற்றார் என்று மாயவித்தை வரலாறு எழுதியோர் கூறுவர். 1848 ஆம் ஆண்டிலே ஹூடன் இலண்டன் வந்தபோது, அவருடைய வித்தைகள் அவருக்கு முன்னமே அந்நகருக்கு வந்துவிட்டிருந்தன. எனினும், மக்கள் அவரைக் காணத் திரண்டனர். மாயவித்தைக்காரன் என்பான் மாயாவியின் வேடம் பூண்ட நடிகனே என்று பிற்காலத்திலே எழுதிவைத்தவர் அவர். கருவியைத் திருடலாம், வேடத்தைத் திருட முடியாது.

நேர்மையான வணிகத்துக்கும் நல்ல உதாரணமுண்டு. இளமையிலே இலண்டன் கடையொன்றின் மாயவித்தைப் பகுதியிலே வேலை செய்த றொபேட் ஹாபின், 1965 ஆம் ஆண்டளவிலே, பெட்டியிலே நிற்கும் பெண்ணின் இடைப்பாகத்தைப் பக்கவாட்டிலே இழுத்துக் காட்டும் புகழ்பெற்ற வித்தையை ஆக்கினார். 1970 ஆம் ஆண்டிலே அதன் அமைப்பை விளக்கும் நூலை 500 பிரதிகளே அச்சிட்டு, வாங்கியோருக்கே அதனைச் செய்துகாட்டும் உரிமையை வழங்கினார். விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் மதித்த ஏற்பாடு அது.

சட்டமும் இவ்விடயத்திலே ஒரு தெளிவைத் தந்துள்ளது. அமெரிக்க வித்தைக்காரராகிய டெலர், பூவொன்றின் நிழலைக் கத்தியால் வெட்ட, உண்மைப் பூவின் இதழ்கள் உதிரும் வித்தையை மௌன நாடகமாக 1983 ஆம் ஆண்டிலே பதிவு செய்திருந்தார். அதைப்போன்றதொன்றை ஐரோப்பியர் ஒருவர் விற்பனைக்கு விளம்பரம் செய்தபோது வழக்குத் தொடுத்தார். வித்தையின் இரகசியத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதனை நடித்துக் காட்டும் நாடக வடிவுக்கு உண்டு என்னும் கருத்தோடு, 2014 ஆம் ஆண்டிலே நெவாடா மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் டெலரின் பக்கம் தீர்ப்பளித்தது. எது பொது, எது ஒருவனுக்குரியது என்பதிலே நீதிபதியும் மஸ்கலினும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தமை வியப்புக்குரியது.

செய்யத்தக்கது

அவ்வாறாயின், பெட்டியை வாங்கிய சிறுவர் வித்தைக்காரர் என் செய்வது? பெட்டியை வைத்துக்கொள்ளட்டும், இரகசியத்தை நன்கு பயிலட்டும். பேச்சு அச்சிட்ட தாளையும் ஒருமுறை படித்து, எந்த இடத்திலே குழந்தை ஏமாறும், எந்த இடத்திலே வெல்லும் என்று அதனை ஆக்கியவர் கருதினார் என்பதை அறிந்துகொள்ளட்டும். அதன்பின் அத்தாளை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். மறதிக்கார மாமாவா, எல்லாம் தெரிந்தவர்போல் நடிக்கும் பேராசிரியரா, குழந்தைகளைவிடப் பயந்தவரா, தாம் இவருள் யார் என்று முடிவு செய்தல் வேண்டும். அம்மனிதருக்கு இயல்பாக வரும் சொற்களே பேச்சாகட்டும். முதல் நாட்களிலே அது அச்சிட்ட பேச்சைவிட மெலிந்ததாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு விழாவிலும் ஒரு குழந்தை எதிர்பாராத ஒன்றைச் சொல்லும். அதனைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டே வந்தால், சில ஆண்டுகளிலே அப்பேச்சு குழந்தைகளாலேயே எழுதப்பட்டதாகிவிடும். அதற்கு ஈடான சரக்கு எந்தக் கடையிலும் இல்லை.

ஆசிரியத் தொழிலிலுள்ளோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அச்சிட்ட பாடக்குறிப்பைக் கையில் வைத்திருப்பது குற்றமன்று. வகுப்பிலே ஒரு மாணவன் குறிப்பில் இல்லாத வினாவை எழுப்பும்போது, குறிப்பைப் பார்க்கின்றோமா, மாணவனைப் பார்க்கின்றோமா என்பதிலேதான் எல்லாம் தங்கியுள்ளது. வித்தை காட்டுவோருக்கும் தேர்வு அதுவே. தாயக்கட்டை மறைந்துவிடும், பெட்டியும் ஒருநாள் உடைந்துவிடும். தான் சொன்னதை ஒரு பெரியவர் நின்று கேட்டார் என்பதைக் குழந்தை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும்.